படம் வரையவே வராதவர் மெக்கானிக்கல் டிசைன் வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம், வரையும் கை பழகினால் வந்துவிடும். ஆனால் ‘எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) சாஃப்ட்வேர் இருக்கிறதே, கையால் எதற்கு வரைய வேண்டும்’ என்று கூடவே கேட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாஃப்ட்வேர் கோட்டை நேராகப் போடும், அளவைச் சரியாக எழுதும். பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபடும்.

ஓவியருக்கும் டிசைனருக்கும் ஆரம்பப் பாடம் ஒன்றுதான். ஒரு டம்ளரை வரையச் சொல்லுங்கள், புதியவர்கள் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியை நேர்கோட்டில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அடி தட்டை என்று அவர்களுக்குத் தெரியும். கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக நீள்வட்டம் விரியும், அதனால் மேசைமேல் இருக்கும் டம்ளரின் அடி வளைவு வாயைவிடக் கொஞ்சம் உருண்டு வர வேண்டும். அப்புறம், நீள்வட்டத்தின் குட்டை அச்சு உருளையின் நடு அச்சோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சாய்த்து வைத்த பைப், வண்டிச் சக்கரம், வாஷர் எதை வரைந்தாலும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் பிரிவது இதற்கப்புறம். ஓவியத்தில் தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும், அதில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. லேத்தில் நிற்பவருக்கு அளவு வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கோட்டை கட்டும் கணக்குகளுக்காக கஸ்பார் மோஞ்ச் என்பவர் ஒரே பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்து வரையும் முறையை ஒழுங்குபடுத்தினார், ராணுவம் அதைப் பல வருஷம் ரகசியமாக வைத்திருந்தது! இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் டாப் வியூ, ஃபிரன்ட் வியூ பாடத்துக்குப் பின்னால் இருப்பது அதுதான். வியூக்களைத் தாளில் அடுக்கும் முறை நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அதில் டாப் வியூ ஃபிரன்ட் வியூவுக்குக் கீழே வரும். அமெரிக்க டிராயிங்கில் மேலே. டைட்டில் பிளாக்கில், அதாவது டிராயிங்கின் விவரம் எழுதும் கட்டத்தில், எந்த முறை என்று காட்டும் குறியைப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தால் இடம் வலம் மாறிய பாகம்தான் கைக்கு வரும்.

பழகுவதற்கு ஒரு பழைய பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுகிறபடி ஒரு ஸ்கெட்ச், அடுத்து மூன்று வியூ, கடைசியில் பூட்டை உள்ளே வைத்துவிட்டு அந்த மூன்று வியூவை மட்டும் பார்த்து ஐசோமெட்ரிக், அதாவது மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி வரைவது. எந்த இடத்தில் கை நிற்கிறதோ, அங்கே வியூவில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கும், பெரும்பாலும் அது மறைகோடாக இருக்கும், அதாவது கண்ணுக்கு மறைந்த விளிம்பைக் காட்ட விட்டுவிட்டுப் போடும் கோடு.