ஸ்பானிஷில் கம்ப்யூட்டருக்கு ‘ஓர்தெனதோர்’ சரியா, ‘கொம்புத்தாதோரா’ சரியா?

இரண்டுமே சரிதான், யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்பெயினில் எல் ஓர்தெனதோர் (ஆண்பால் பெயருக்கு முன்னால் ‘எல்’ வரும், பெண்பாலுக்கு ‘லா’). மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா பக்கம் லா கொம்புத்தாதோரா. சிலியிலும் கொலம்பியாவிலும் எல் கொம்புத்தாதோர் என்பார்கள். ஸ்பெயின்காரர்கள் பக்கத்து வீட்டு பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் (1955-ல் ஐபிஎம் பிரான்ஸுக்காக உருவான ‘ஓர்தினாத்தர்’), அமெரிக்கக் கண்டத்தில் ஆங்கிலத்தின் செல்வாக்கு. எதைச் சொன்னாலும் எல்லா ஊரிலும் புரியும். எனக்கு வேலையில் மாட்ரிட் ஆட்களோடுதான் பேச்சு என்பதால் ஓர்தெனதோரையே பிடித்துக்கொண்டேன்.

ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுப்பது சின்ன வேலை, அது ஆண்பாலா பெண்பாலா என்பதை வாக்கியம் முழுக்க விடாமல் கூட்டிக்கொண்டு போவதுதான் பெரிய வேலை. நமக்குத் தமிழில் மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாமே ‘அது’ என்பதால் இந்தப் பழக்கமே கிடையாது. அங்கே ஓர்தெனதோர் ஆண்பால், ஆகவே புதிய கம்ப்யூட்டர் என்றால் ‘எல் ஓர்தெனதோர் நுவேவோ’, கொம்புத்தாதோரா பெண்பால் என்பதால் ‘லா கொம்புத்தாதோரா நுவேவா’. சரி, இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே உச்சரிக்காமல் “அதை அணைத்துவிடு” என்று சொல்லும்போதுகூட மாட்ரிட்டில் ‘அபாகலோ’, மெக்சிகோவில் ‘அபாகலா’ என்று மாறும் (கடைசியில் வரும் லோ, லா தான் ‘அதை’), அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அதனால் பெயரை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எல், நுவேவோ இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள், பிறகு வாய் தானாகவே ‘லோ’வுக்குப் போய்விடும்.

லேப்டாப்பிலும் இதே கதைதான். ஸ்பெயினில் ‘எல் போர்த்தாத்தில்’ என்பார்கள், ஏனென்றால் சொல்லாமல் விட்ட ஓர்தெனதோர் உள்ளே ஒளிந்திருக்கிறது. கொம்புத்தாதோரா ஊர்களில் அதே சொல் ‘லா போர்த்தாத்தில்’ ஆகும், ஆனால் மெக்சிகோவில் பேச்சில் ‘லா லாப்தோப்’தான் அதிகம்.

அப்புறம், ஆ-வில் முடிந்தால் பெண்பால் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ப்ரோக்ராமா, சிஸ்தேமா இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்த ஆண்பால் சொற்கள். எல் ப்ரோக்ராமா, எல் சிஸ்தேமா. இதை மட்டும் உருப்போட்டே ஆக வேண்டும்.

இன்டர்நெட்டுக்கும் வைஃபைக்கும் கவலையே வேண்டாம். எல், லா இரண்டையும் ஸ்பானிஷ் மொழி அகாடமி ஏற்கிறது. ஒன்று மட்டும், மாட்ரிட் காபிக் கடையில் பாஸ்வேர்டு கேட்கும்போது ‘வீஃபி’ என்று சொல்லுங்கள், அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.