வால்யூமை முழுதாகத் திறந்த ட்யூப் ஆம்பின் ஒலி ஹெட்போனில் கிடைக்குமா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதால் கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரின் சிக்னலைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டி) வழியாக மடிக்கணினியில் இணைத்து, ஹெட்போனில்தான் வாசிக்கிறேன். மார்ஷல் சூப்பர் லீட் ஆம்பின் டிஜிட்டல் மாடல் (அந்த ஆம்பைப் போலவே ஒலிக்கும் மென்பொருள்) ஒன்றை வாங்கி, வால்யூமை 4-இல் வைத்து, முன்னால் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் சேர்த்திருக்கிறேன். பழைய ராக் இசைத்தட்டுகளில் கேட்கும் அடர்த்தி வரவில்லை. தகரத்தில் மணல் உரசுவதுபோல் இரைகிறது. ப்ரீசெட் (குமிழ்களை முன்கூட்டியே திருகி வைத்த அமைப்பு) தொகுப்பு ஒன்றை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் தேடும் ஒலி உங்களிடம் உள்ள மாடலிலேயே இருக்கிறது. வால்யூமை 4-இல் நிறுத்தியதும், அந்தக் குறையை ஈடுகட்டப் பெடலைச் சேர்த்ததும்தான் சிக்கல்.

சூப்பர் லீட் 100 வாட் ஆம்ப். அதில் மாஸ்டர் வால்யூம், அதாவது ப்ரீஆம்பை முடுக்கிவிட்டு மொத்தச் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் குமிழ், கிடையாது. வால்யூமைக் கூட்டக் கூட்ட முதலில் சிக்னலைத் தொடக்கத்தில் பெருக்கும் ப்ரீஆம்ப் வால்வுகள் (ட்யூப் என்பதும் இதுதான்) திணறத் தொடங்கும். அதற்கும் மேலே போகும்போது ஸ்பீக்கரை இயக்கும் நான்கு இஎல்34 பவர் வால்வுகளும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் தங்கள் எல்லையை எட்டும். அழுத்தி மீட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளே வோல்டேஜ் சற்று இறங்கி மீளும். தலா 25 வாட் தாங்கக்கூடிய நான்கு கிரீன்பேக் ஸ்பீக்கர்களும் அந்தச் சுமையில் இறுகும். அடர்த்தி என்று நீங்கள் சொல்வது இவையெல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதன் விளைவு. பெடல் முன்பக்கத்தில் மட்டும் டிஸ்டார்ஷனைக் கூட்டுகிறது. பவர் வால்வுகள் சும்மாவே இருக்கின்றன. 1975-இல் மாஸ்டர் வால்யூம் கொண்ட மார்ஷல் 2203 வந்ததிலிருந்து, சத்தத்தை அடக்கி ப்ரீஆம்பை மட்டும் முடுக்கும் பழக்கம் பரவியது. அந்தப் பழக்கத்தை அதற்கு முந்தைய ஆம்பின் மாடலுக்கும் கொண்டுவந்தால் ஒலி மெலியத்தான் செய்யும்.

ஆகவே பெடலை அணைத்துவிட்டு, மாடலின் வால்யூமை 8-க்கு மேல் வையுங்கள். அசல் ஆம்பில் இல்லாத மாஸ்டர் குமிழைச் சில நிறுவனங்கள் மாடலில் சேர்த்திருப்பார்கள். இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். சத்தம் அதிகமென்றால், ஆம்புக்குப் பிறகு வரும் அவுட்புட் லெவலைக் குறையுங்கள். மாடலுக்குள் ஒலியின் தன்மையை மாற்றாமல் சத்தத்தை மட்டும் குறைப்பது அது ஒன்றுதான்.

அந்த இரைச்சலுக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. பல சூப்பர் லீட்களில் ட்ரெபிள் சேனலின் வால்யூம் குமிழின் குறுக்கே 5000 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று உண்டு. வால்யூம் குறைவாக இருக்கும்போது அது உயர் அதிர்வெண்களை மட்டும் தாராளமாகக் கடத்திவிடும். வால்யூம் உச்சத்தை நெருங்கும்போது அதன் வேலை ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். நல்ல மாடல் இதையும் அப்படியே பின்பற்றுவதால், 4-இல் கேட்டது கூர்மையான இரைச்சல். 9-இல் அதே குமிழ் ஒலியை உருட்டித் தரும். வால்யூம் ஏறியதும் கீழ்சுருதி குழம்பும் என்பதால் பேஸ் குமிழை 2-க்குக் கீழே இறக்கிவிடுங்கள். அசல் ஆம்பை முழுதாகத் திறந்து வாசித்தவர்களில் பலரும் அதைத்தான் செய்தார்கள்.

அடுத்து, கிட்டார் இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைன் இன்புட்டில் செருகினால் பிக்அப்பின் உயிரே போய்விடும். இன்டர்ஃபேஸின் கெயினைக் குறைந்தபட்சத்தில் தொடங்குங்கள். அதைக் கூட்டுவது மாடலுக்கு முன்னால் இன்னொரு பெடலை வைப்பதற்குச் சமம். எவ்வளவு வலுவான சிக்னலை எதிர்பார்த்து இந்த மாடல் வடிவமைக்கப்பட்டது என்ற ஒரே ஓர் எண்ணைக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். பல நிறுவனங்கள் அதைச் செய்வதில்லை. கடையில் அசத்துவதற்காக எதிரொலியும் ரிவெர்பும் கொட்டிய ப்ரீசெட்களைப் பக்கம் பக்கமாகச் சேர்க்க மட்டும் அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

ப்ரீசெட் வியாபாரத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். ப்ரீசெட் என்பது வேறொருவர் தம் கிட்டாருக்கும், தம் பிக்அப்புக்கும், தம் இன்புட் அளவுக்கும் ஏற்பத் திருகி வைத்த குமிழ்களின் பட்டியல். உங்கள் கையில் அது அதே ஒலியைத் தரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புகழ்பெற்ற கலைஞர்களின் பெயரை ஒட்டி விற்பவர்களும், இலவசமாகக் கிடைக்கும் கேப்சர்களை (உண்மையான ஆம்பின் ஒலியைப் பதிந்து உருவாக்கிய கோப்புகளை) திரட்டிப் பென் டிரைவில் போட்டுக் காசாக்குபவர்களும், கிராக் செய்த ப்ளக்இன்களைக் கூலிக்கு நிறுவித் தருபவர்களும் உங்களைப் போன்ற ஆர்வலர்களின் தவிப்பைத்தான் விற்கிறார்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்தமூல மென்பொருளுக்கு ஏராளமான கேப்சர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேப்சர் என்பது பெரும்பாலும் ஆம்பை ஒரே குமிழ் நிலையில் பதிந்து வைத்தது என்பதால், வால்யூம் 8 அல்லது 10-இல் எடுக்கப்பட்டதா என்று பார்த்து இறக்குங்கள். 3-இல் எடுத்ததை எவ்வளவு முடுக்கினாலும் அது 10 ஆகாது.

மேலே சொன்னவற்றுக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. நாளைக்கே நண்பரின் இசைக்குழுவோடு வாசிக்கப் போய், மாடலை உண்மையான கிட்டார் ஆம்போடு இணைக்க நேர்ந்தால், மாடலில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலிசெய்யும் கேபினெட் பகுதியை அணைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஒலி இரண்டு ஸ்பீக்கர்களைக் கடந்து வந்து போர்வைக்குள் முனகும். அந்த ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகாமல், ப்ரீஆம்பைத் தாண்டி நேரே பவர் ஆம்புக்குப் போகும், பின்பக்கம் உள்ள எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருக வேண்டும். அது ட்யூப் பவர் ஆம்பாக இருந்து, அதையே நன்றாகத் திறந்து வாசிக்கவும் முடிந்தால், மாடலின் பவர் ஆம்ப் பகுதியையும் அணைத்துப் பாருங்கள். ஆனால் ஹெட்போனிலோ, மேடையின் பொது ஸ்பீக்கரிலோ கேட்கும்போது கேபினெட் பகுதி கட்டாயம் இயங்க வேண்டும். கிரீன்பேக் ஸ்பீக்கரின் ஒலி சுமார் 5,000 ஹெர்ட்ஸோடு அடங்கத் தொடங்கும்; ஹெட்போனோ அதற்கு மேலுள்ள அத்தனை இரைச்சலையும் காதில் கொட்டிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் திருப்தி வராவிட்டால், ஆம்பை மாற்றாமல் கேபினெட் ஐஆர் கோப்பை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையை மைக் வைத்துப் பதிந்த கோப்பை, மாற்றுங்கள். மைக் ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சற்று நகர்ந்தாலே ஒலி வேறாகிவிடும். குறைந்த சத்தத்தில் நம் காது கீழ்சுருதியைச் சரியாக உணர்வதில்லை என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். எனவே குமிழ்களை முடிவு செய்யும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் ஹெட்போனின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பிறகு உடனே குறைத்துவிடுங்கள். சராசரியாக 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பதுதான் தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.