விஸ்ட்மன்ஸ் வுட்: தள்ளுவண்டி சரிவராது

கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, முழங்கால் வலி உள்ள அம்மாவோடு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இருக்கும் விஸ்ட்மன்ஸ் வுட் காட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வண்டி வேண்டாம். டூ பிரிட்ஜஸ் ஓட்டலுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். போகப்போகக் கல்லும் சேறும்தான். குழந்தையை முதுகில் சுமந்துகொள்ளுங்கள். காட்டுக்குள் நுழையாமல் ஓரமாகவே நடக்கச் சொல்கிறார்கள். கிரானைட் பாறைகளிலும் குட்டை ஓக் மரங்களிலும் படர்ந்த பாசி மிதிபட்டே அழிகிறதாம். நியாயம்தான், சின்னக் காடு, வெளியே நின்றாலே நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்கு, அதே டார்ட்மூரில் இருக்கும் போஸ்ட்பிரிட்ஜ் கிராமம்தான் வசதி. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே பல நூற்றாண்டு பழைய கற்பாலம். அப்புறம், கோடையானாலும் மழைச்சட்டை கட்டாயம். மேயும் மட்டக்குதிரைகளுக்குத் தீனி போடாதீர்கள், அங்கே தடை.