ரன்னிங் ஸ்டார்ட் மாணவிக்கு 2,400 டாலர் கோச்சிங் தேவையா?

கேள்வி: சியாட்டில் பக்கம் வசிக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். செப்டம்பரில் ரன்னிங் ஸ்டார்ட்டில் (பள்ளி மாணவர்கள் காலேஜ் பாடம் படிக்கும் வாஷிங்டன் மாநிலத் திட்டம்) சேர்ந்து கம்யூனிட்டி காலேஜில் 15 க்ரெடிட் எடுக்கப்போகிறேன் என்கிறாள். டியூஷன், அதாவது காலேஜின் படிப்புக் கட்டணம், இலவசம் என்பதால் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவளுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைபாடு) உண்டு, பள்ளியில் 504 திட்டப்படி (குறைபாடுள்ள மாணவர்களுக்கான சலுகை ஏற்பாடு) தேர்வுக்கு ஒன்றரை மடங்கு நேரம் தருகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் வருடத்துக்கு 2,400 டாலர் கேட்கிறார். வாராவாரம் கோச்சிங், கோர்ஸ் தேர்ந்தெடுப்பது, புரொஃபசருக்கு ஈமெயில் எழுதித் தருவது என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வாராம். கட்டலாமா? 529 கணக்கிலிருந்து (வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்பு) எடுக்கலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம். முதல் குவார்ட்டர் (காலேஜ் பருவம்) ஓடட்டும். டிசம்பரில் க்ரேடைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். அவர் விற்பதில் பாதிக்கு மேல் காலேஜிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. மீதியில் ஒன்று, அந்த ஈமெயில் எழுதித் தரும் வேலை, உங்கள் மகளுக்குக் கெடுதல்.

முதலில் இந்த 'இலவசம்' எதுவரை என்று பார்த்துவிடுவோம். ரன்னிங் ஸ்டார்ட்டில் வாஷிங்டன் மாநிலம் விட்டுக்கொடுப்பது டியூஷனை மட்டும். புத்தகம், லேப் கட்டணம், காலேஜின் இதர கட்டணங்கள், போக்குவரத்து எல்லாம் கைக்காசு. (வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. யாரும் தேடி வந்து தர மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.) 100-க்குக் கீழே எண் போட்ட கோர்ஸ் எடுத்தால் டியூஷனும் கட்ட வேண்டும். ஒவ்வொரு குவார்ட்டரும் பள்ளி கவுன்சிலர் கையெழுத்திடும் வெரிஃபிகேஷன் படிவத்தில் எத்தனை க்ரெடிட் என்று இருக்கும். அதற்கு மேல் பதிந்தால், அந்தக் கூடுதல் க்ரெடிட்டுக்கு பில் வீடு தேடி வரும்.

இனி காலேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு, கெமிஸ்ட்ரி போன்ற பாடங்களுக்கு டியூட்டரிங் சென்டர். கட்டுரையை வரிவரியாக உட்கார்ந்து பார்க்க ரைட்டிங் சென்டர். கோர்ஸ் தேர்வுக்கு அட்வைசர். மனசு சரியில்லை என்றால் கவுன்சலிங். லேப்டாப் கடன் தரும் காலேஜ்களும் உண்டு. ரன்னிங் ஸ்டார்ட் மாணவர்களும் காலேஜ் மாணவர்கள்தான். உங்கள் மகள் சேரும் இடத்தில் இவற்றில் எவையெல்லாம் உண்டு என்று ஓரியன்டேஷன் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நூலகத்தையும் மறக்க வேண்டாம். என் மகனும் இதே வழியில் படித்தவன். கால்குலஸ் புத்தகத்தை 180 டாலர் கொடுத்து வாங்கி வைத்தேன். மூன்றாவது வாரம் வந்து, "அப்பா, அதே புத்தகம் லைப்ரரி ரிசர்வில் இருக்கு, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கத் தர்றாங்க" என்றான். ஊருக்கெல்லாம் செலவைக் குறைக்கச் சொல்பவன் வீட்டு லட்சணம் அது.

உங்கள் விஷயத்தில் பணத்தைவிட அவசரமானது அந்த 504 திட்டம். அது பள்ளி வாசலோடு நின்றுவிடும்; காலேஜுக்குத் தானாக வராது. பள்ளியில் குழந்தைக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை. காலேஜில் மாணவி தானே டிஸெபிலிட்டி சர்வீசஸ் ஆஃபீசுக்குப் போய், "எனக்கு இது இருக்கிறது, இந்த வசதி வேண்டும்" என்று சொல்ல வேண்டும். டாக்டரின் மதிப்பீட்டு அறிக்கையையும் பழைய 504 தாள்களையும் அவர்கள் பார்ப்பார்கள், அவளோடு பேசுவார்கள், பிறகு எந்த வசதி பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். பள்ளியில் கொடுத்ததையே கொடுப்பார்கள் என்று உறுதியில்லை. ஒப்புதலானதும் ஒரு கடிதம் தயாராகும். அது அந்தந்த குவார்ட்டரின் புரொஃபசர்களுக்குப் போக வேண்டும். முன்தேதியிட்டு எதுவும் நடக்காது. அக்டோபரில் மிட்டெர்மில் சறுக்கிவிட்டு நவம்பரில் கடிதத்தை நீட்டினால், போன தேர்வு போனதுதான். குவார்ட்டர் என்பதே சுமார் பதினொரு வாரம். ஆகையால் ஜூலையிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கச் சொல்லுங்கள். செலவு பூஜ்யம். அந்த 2,400 டாலரால் இந்தக் கூடுதல் நேரத்தை வாங்கவே முடியாது.

'வாங்கச் சொல்லுங்கள்' என்றுதான் எழுதினேன், நீங்கள் வாங்குங்கள் என்று அல்ல. காலேஜில் சேர்ந்துவிட்டால், வயது 16 ஆனாலும், மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி அவளுடைய காலேஜ் பதிவுகளின் உரிமை அவளுக்குத்தான். நீங்கள் போன் செய்து "என் பொண்ணு மேத்ஸில் எப்படி இருக்கா?" என்று கேட்டால், மரியாதையாக மறுத்துவிடுவார்கள். அவள் ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்தால் பேசுவார்கள். கொடுக்கச் சொல்லுங்கள், ஆனால் அவசரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். புரொஃபசருக்கு ஈமெயில் எழுதுவது, ஆஃபீஸ் அவரில் (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) போய் நிற்பது, இதெல்லாம் அவள் இந்த இரண்டு வருடத்தில் கற்க வேண்டிய பாடம். கோச் எழுதினால் கோச்தான் கற்றுக்கொள்வார்.

15 க்ரெடிட் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு க்ரெடிட்டுக்கு வகுப்பும் வீட்டுப்படிப்புமாக வாரம் மூன்று மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. 15 க்ரெடிட் என்றால் 45 மணி நேரம்; ஆஃபீஸ் போகும் உங்களைவிட அதிக வேலை. முதல் குவார்ட்டருக்கு 5 க்ரெடிட் கோர்ஸ் இரண்டு போதும், மிச்சத்தைப் பள்ளியில் படிக்கட்டும். 5 க்ரெடிட் கோர்ஸ் ஒன்று பள்ளிக் கணக்கில் ஒரு முழு க்ரெடிட், பட்டமளிப்புக்குப் பிந்திவிடமாட்டாள்.

ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட் அழியாது. நாளை மெடிக்கல் காலேஜ் போக ஆசைப்பட்டால், மெடிக்கல் காலேஜ்களுக்கான பொது விண்ணப்பமான ஏ.எம்.சி.ஏ.எஸ்.ஸில் ஹைஸ்கூலில் இருக்கும்போது எடுத்த காலேஜ் கோர்ஸ்களையும் காட்ட வேண்டும். நிதியுதவியிலும் இடிக்கலாம். மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் தொடர, எடுத்த க்ரெடிட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தேற வேண்டும். அந்தக் கணக்கில் ரன்னிங் ஸ்டார்ட் க்ரெடிட்களும் சேரக்கூடும். மூன்று கோர்ஸ் எடுத்து ஒன்றில் தோற்றால் சரியாக விளிம்பில் நிற்பாள். பாதியில் விலகி 'டபிள்யூ' வாங்கினாலும் 'எடுத்தது' என்றே எண்ணுவார்கள். அதனால் குவார்ட்டரின் ஆரம்பத்தில், ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறாமல் கோர்ஸை விடக் கடைசித் தேதி எது என்று காலேஜ் காலண்டரில் பார்த்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

529-க்கு வருவோம். காலேஜ் கட்டாயமாகக் கேட்கும் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் எடுக்கலாம், பெட்ரோலுக்குக் கூடாது. 2025 ஜூலையில் வந்த சட்டம் பள்ளி மாணவர்களுக்கான செலவுப் பட்டியலை விரித்து, டியூட்டரிங்கையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் சொல்லித்தருபவர் உறவினராக இருக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஆசிரியராகவோ, காலேஜில் பாடம் எடுத்தவராகவோ, அந்தப் பாடத்தில் வல்லுநராகவோ இருக்க வேண்டும். உங்கள் நண்பரின் பேக்கேஜில் டியூட்டரிங் எவ்வளவு, ஈமெயில் எழுதும் கூலி எவ்வளவு என்று ரசீதில் பிரியாவிட்டால், வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கேட்கும்போது விழிப்பீர்கள். தகுதியில்லாத செலவென்றால் அதில் உள்ள லாபப் பகுதிக்கு வருமான வரியும் மேலே 10 சதவீதமும் கட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மகள் அசோசியேட் பட்டத்துக்கே (கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருடப் பட்டம்) பதிந்து, முழுநேரப் படிப்பில் பாதிக்குக் குறையாமல் படித்தால், புத்தகச் செலவுக்கு அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகை கிடைக்கலாம். ஆனால் அது ஒரு மாணவருக்கு வாழ்நாளில் நான்கு வரி வருடம்தான், வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 டாலர். 400 டாலர் புத்தகத்துக்காக ஒரு வருடத்தை எரிக்காதீர்கள். பள்ளிக்குப் பின் நான்கு வருடம் படித்தாலே அது ஐந்து வரி வருடங்களில் விழும். பள்ளிக்குப் பின் இரண்டே வருடத்தில் இளநிலைப் பட்டம் முடிப்பாள் என்றால் கணக்கு மாறும், அப்போது தாராளமாக எடுங்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து வருமானம் 1,80,000 டாலரைத் தொட்டுவிட்டால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

நண்பரிடம் டிசம்பர் வரை பொறுக்கச் சொல்லுங்கள். க்ரேடு வந்தபின் மகள் கணக்கில் திணறினால், டியூட்டரிங் சென்டரும் போதாமல் போனால், கணக்குக்கு மட்டும், மணிக்கு இவ்வளவு என்று பேசி, தனி ரசீதோடு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.