வாடகை வீடு: காட்டுவது எப்படி, ஆளைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: தாம்பரத்தில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. நான் கோவையில் வேலை பார்ப்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து காட்ட முடியும். என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, கோவை)

குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை என்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டுத்தான் உரிமையாளர் உள்ளே போக வேண்டும். அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது நான்கு பேரோடு போய் நின்றால், வருகிறவர்களிடம் அவர் வீட்டைப் பற்றி நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

பகலில் காட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி இடைவெளி விட்டு வரச் சொல்லுங்கள். போனில் பேசும்போதே வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், எத்தனை பேர் குடியேறலாம், பார்க்கிங் உண்டா என்பதையெல்லாம் சொல்லிவிட்டால், ஒத்துவராதவர்கள் அப்போதே விலகிவிடுவார்கள். வருவதாகச் சொல்பவரின் முழுப்பெயர், வேலை, போன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக நின்று காட்டாதீர்கள். பக்கத்து வீட்டாரையோ உறவினரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி முன்பே போய் மோட்டார் போட்டு, எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் வாளி பழுப்பாகத்தான் வரும். சுவரில் ஓதம் இருந்தால் கசிவைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். அடுத்த மழையில் உப்புப் பூத்து உரிந்துவிடும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்க வேண்டுமா, அந்தச் செலவு யாருடையது என்று நேராகச் சொல்லுங்கள். மறைத்துப் பிடித்த குடித்தனம் மூன்று மாதத்தில் கிளம்பிவிடும். பிறகு ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும், வெள்ளையடிக்கும் செலவும் திரும்ப வரும்.

வீட்டில் இருக்கப்போகிற எல்லோரும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் நல்லது. நண்பர் மட்டும் வந்து பார்த்துவிட்டு அன்றே டோக்கன் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: வருகிறவர் சொல்வதெல்லாம் உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புரோக்கர் “நல்ல பார்ட்டி சார்” என்கிறார். (வாசகர், மதுரை)

வீடு முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். ஆகவே நீங்களே விசாரிக்க வேண்டும்.

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், அந்தச் சம்பளம் வங்கியில் வரவாகியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். சீட்டை யாரும் தட்டச்சு செய்துகொண்டு வந்துவிடலாம். கையில் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போனால் சில மாதங்களிலேயே தவணை தவறத் தொடங்கும். 15,000 ரூபாய் வாடகைக்கு 45,000 ரூபாயாவது வருமானம் இருக்கட்டும். கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்றால் சம்பளச் சீட்டு இருக்காது. ஆறு மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் போதும். அதிலுள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். குடியேறும் பெரியவர்கள் எல்லோருடைய விவரத்தையும் வாங்குங்கள். காவல்துறையின் இணையதளம் வழியாக வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பயன்படுவது பழைய ஹவுஸ் ஓனரிடம் பேசுவது. இப்போது இருக்கும் வீட்டுக்காரர், ஆள் போனால் போதும் என்று புகழ்ந்தும் பேசலாம். அதற்கும் முந்தைய வீட்டுக்காரருக்கு அந்தத் தேவை இல்லை. “நல்லவரா?” என்று கேட்காதீர்கள். வாடகை எத்தனாம் தேதி வரும், ஈபி பாக்கி வைத்தாரா, அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், சொன்னதைவிட அதிகம் பேர் தங்கினார்களா என்று கேளுங்கள். பதில்கள் தானாக வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் ஆனவரா என்பதையெல்லாம் வைத்து ஆளை எடைபோடாதீர்கள். மாதா மாதம் வாடகை வருமா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. ஒழுங்காகக் கட்டக்கூடிய வேலைக்குப் போகும் பெண்கள், வெளியூர் இளைஞர்கள் எத்தனையோ பேர் இதனாலேயே வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அது பெரிய அநியாயம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று கியூஆர் படம் அனுப்பினார். ஸ்கேன் செய்யலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் போட்டீர்கள் என்றால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் தாமதிக்காமல் இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

கேள்வி: 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்கிறார்களே? அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம்? (வாசகி, சென்னை)

அது பழைய கணக்கு. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் 11 மாத வழக்கம் வந்தது. முதலில் சொன்ன 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ், நகர்ப்புறங்களில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அந்தச் சட்டப்படி அமைந்த வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இருவரும் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குமேல் போகக்கூடாது.

உள்வாடகைக்கோ போக்கியத்துக்கோ (மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது) விடக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும். வாடகைக்கு எடுத்த வீட்டை வேறொருவருக்குச் சில லட்சங்களுக்குப் போக்கியத்துக்கு விட்டுவிட்டு மறைந்துபோகும் மோசடி சென்னையில் நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய், சொன்னவர்களே குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கும் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து ஈபி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் குடியேறினால் யாருடைய யூனிட் எத்தனை என்ற சண்டை வரும். சுவர், கதவு, குழாய், ஃபேன், சாவிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.