இதயத்தின் உலோக வால்வில் சந்தேகமா? கேளுங்கள்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) உலோக வால்வு. ஒரு வாரமாக மூச்சு வாங்குகிறது, டிக் டிக் சத்தமும் மங்கிவிட்டது. எக்கோவில் (இதய ஸ்கேனில்) கட்டி எதுவும் தெரியவில்லையாம். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். சத்தம் மங்கினால் வால்வுக்குள் திறந்து மூடும் தட்டு சரியாக அசையாமல் இருக்கலாம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் உலோகம் நிழல் அடிக்கும், மைட்ரலுக்குப் பின்னால் இருக்கும் இடது மேலறை அந்த நிழலில்தான் கிடக்கிறது, அங்கே ரத்தம் உறைந்திருந்தாலும் கண்ணில் படாது. உணவுக்குழாய் வழியாக விடும் எக்கோ பின்புறமிருந்து பார்ப்பதால் அதைக் கேளுங்கள். நாள் கணக்கில் திடீரென்று வந்த தொல்லை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணும் குறைவு என்றால் ரத்த உறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐ.என்.ஆர். ஒழுங்காக இருந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியது என்றால் பேனஸ் என்கிற நார்த்திசு வளர்ச்சியை நினைக்க வேண்டும். அப்புறம், வால்வைத் தாண்டும் அழுத்த வேறுபாடு ரத்தசோகையிலும் காய்ச்சலிலும்கூட ஏறும், ஆகவே ஆபரேஷன் முடிந்து 1 முதல் 3 மாதத்துக்குள் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதைத் தொலைக்காதீர்கள்!

கேள்வி: மைட்ரல் உலோக வால்வு, ஐ.என்.ஆர். 1.8. பரவாயில்லையா?

பதில்: இல்லை. 2.5 முதல் 3.5 வரை வேண்டும். மருத்துவரைக் கூப்பிடுங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களே கூட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கும் மைட்ரல்தான் சார், 1.9...

பதில்: மேலே சொன்ன பதில்தான்.

கேள்வி: சிடி ஸ்கேன் இருக்கும் காலத்தில், எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்க்கும் ஃப்ளூரோஸ்கோப்பி பழைய கதை அல்லவா?

பதில்: இல்லவே இல்லை. இரண்டு இதழும் சமமாகத் திறக்கின்றனவா, ஒன்று சிக்கி நிற்கிறதா என்பதை கேத் லேப்பில் (இதயக் குழாய்ச் சோதனை அறையில்) ரத்தத்தில் சாயமே ஏற்றாமல் சில நொடிகளில் பார்த்துவிடலாம். உறைவா பேனஸா என்று பிரிக்க சிடி நல்லது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்குச் சாயம் வேண்டும், சிறுநீரகம் தாங்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் சித்ரா வால்வுக்கும் ஃப்ளூரோஸ்கோப்பியே போதுமா? பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். திருவனந்தபுரத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வில் தட்டு பாலிஎத்திலீன். எக்ஸ்ரேயில் கூடுதான் தெரியும், தட்டு தெரியாது. அங்கே எக்கோதான் கதி. அதனால்தான் எந்த வால்வு, என்ன அளவு என்று எழுதிய அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள், அந்த முதல் எக்கோ ரிப்போர்ட்டையும்.

கேள்வி: ஐ.என்.ஆர். 2.1, என்ன செய்ய?

பதில்: மைட்ரலா, மகாதமனி வாயிலில் இருக்கும் அயோர்டிக்கா? அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டினால் எப்படி?