மலை ஏரியில் ஃபிளை தூண்டில் போடக் கோலாலம்பூரிலேயே பழகலாமா?

நியூசிலாந்தின் மலை ஏரி ஒன்றுக்கு நடந்து சென்று, வார இறுதியில் டிரவுட் மீன் பிடிக்க விரும்பும் நீங்கள், இங்கிருந்தே பழக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துச் செல்கிறது; ஃபிளை தூண்டிலிலோ, இறகாலும் நூலாலும் பூச்சியைப் போலக் கட்டிய முள்ளுக்கு ஏறக்குறைய எடையே இல்லாததால், தடித்த நரம்பின் எடைதான் அதை நீருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஆகவே கோலைப் பின்னால் வீசியதும், நரம்பு முழுவதும் நீண்டு விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, அதன் பிறகே முன்னால் வீச வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது அந்தப் பொறுமையில்தான். இதற்கு ஏரி தேவையில்லை. முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத திடலில் பழகுங்கள். நெடுந்தொலைவு வீசவும் வேண்டாம். மலை ஏரிகளில் டிரவுட் பெரும்பாலும் கரையோரத்திலேயே இரை தேடி உலாவும்.

நடைப் பயிற்சிக்கு, முதுகில் சுமையோடு, கோலாலம்பூரை ஒட்டிய புக்கிட் காசிங் குன்றில் ஏறி இறங்கலாம். குளிருக்கான உடையைத்தான் மறக்கக் கூடாது.

நியூசிலாந்து ஆறுகளில் 2004இல் டிடிமோ என்ற பாசி கண்டறியப்பட்டது. அது பரவாதிருக்க, முன்பு வேறு நீர்நிலையில் பயன்படுத்திய கருவிகளையும் காலணிகளையும் கழுவி, நன்றாக உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். மீன்பிடி உரிமமும் கட்டாயம்.